பானைக்குள் ஒரு கழித்தல் கணக்கு!

செல்லங்களே, முதலில் ஒரு விளையாட்டு. முற்றமோ மொட்டை மாடியோ போதும். நடுவில் ஒரு நாற்காலி போட்டு ஒருவரை உட்கார வையுங்கள். கண்ணைத் துண்டால் கட்டிவிடுங்கள். மற்றவர்கள் காலடிச் சத்தம் கேட்காமல் சுற்றி நின்றுகொள்ள வேண்டும். அவர்களில் ஒருவர் மட்டும் இரண்டு கொட்டாங்கச்சிகளை 'டக்'கென்று ஒரு தட்டு தட்ட வேண்டும். உட்கார்ந்திருப்பவர் தலையைத் திருப்பாமல், சத்தம் வந்த பக்கத்தைக் கையால் காட்ட வேண்டும். அவ்வளவுதான்!

இடமா, வலமா என்பதில் அநேகமாக யாரும் தப்பு செய்ய மாட்டார்கள். நேர் முன்னால் அல்லது நேர் பின்னால் தட்டினால்தான் சிலர் திணறுவார்கள். இப்போது அவரை ஒரு காதை விரலால் நன்றாக அடைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மறுபடியும் விளையாடுங்கள். இந்தப் பக்கம் தட்டினால் அந்தப் பக்கம் கை நீளும். பார்க்க வேடிக்கையாக இருக்கும்.

இதே விளையாட்டை ஒரு பெரிய விஞ்ஞானியும் ஆடியிருக்கிறார். இங்கிலாந்தைச் சேர்ந்த ரேலி பிரபு, 1870களில் புல்வெளியின் நடுவே கண்ணை மூடி நின்றுகொண்டு, தம்மைச் சுற்றி ஐந்தாறு பேரை நிறுத்திப் பேசச் சொல்லிப் பார்த்தார். பேச்சுக் குரல் வந்த திசையை எளிதாகச் சொல்ல முடிந்தது. பேச்சுக்குப் பதில் இசைக்கவையைத் தட்டினால், அது முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று குழம்பிவிட்டது! பின்னாளில் இயற்பியலுக்கான நோபல் பரிசை (1904) பெற்றவர் அவர். அது வேறு ஆராய்ச்சிக்கு. ஆனாலும் நோபல் பரிசு வாங்கியவர் கண்ணாமூச்சி ஆடியிருக்கிறார் என்று நினைக்கும்போது எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப் போகிறது.

சரி, இந்த விளையாட்டு இப்போது எதற்கு? சினிமா தியேட்டரில் மழை பெய்தால் நம்மைச் சுற்றிப் பெய்கிறது. ஹெலிகாப்டர் தலைக்கு மேலே பறந்து பின்பக்கமாகப் போகிறது. 'சரவுண்ட் சவுண்ட்' என்கிறார்கள். சுற்றொலி என்று வைத்துக்கொள்வோம். அதை வீட்டில் கொண்டு வர முடியுமா? முடியும். ஒரு பழைய காரிலிருந்து கழற்றிய ஸ்பீக்கர்களையும் இரண்டு மண் பானைகளையும் வைத்து நான் கேட்டிருக்கிறேன். அந்தக் கதையைச் சொல்லத்தான் வந்தேன். ஆனால் அந்தக் கதை என் வகுப்பில் இருந்த ஒரு பையனிடமிருந்து ஆரம்பிக்கிறது.

1984-ஆம் ஆண்டு. நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டே வருடம். ஐந்தாம் வகுப்பு. அதில் ஒரு பையன், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எப்போதும் தப்பான பக்கமே திரும்புவான். நான் ஜன்னல் ஓரம் நின்று கூப்பிட்டால் அவன் கதவுப் பக்கம் பார்ப்பான். வகுப்பே 'கொல்'லென்று சிரிக்கும். வேண்டுமென்றே கோமாளித்தனம் செய்கிறான் என்று நினைத்து, ஒருநாள் தலையில் நறுக்கென்று குட்டிவிட்டேன். அவன் அழவில்லை. மறுநாள் அவன் அம்மா வந்தார். "சார், நாலு வயசுல பொன்னுக்கு வீங்கி வந்துச்சு. அதுல இடது காது சுத்தமா போயிடுச்சு சார். அவன் வேணும்னு பண்ணல" என்றார்.

பொன்னுக்கு வீங்கி கன்னத்தை மட்டும் வீங்க வைத்துவிட்டுப் போய்விடும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். சில குழந்தைகளுக்கு அது ஒரு காதின் கேட்கும் சக்தியையே பறித்துவிடும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அவனை வரிசையின் இடது ஓரத்தில் உட்கார வைத்தேன். நல்ல காதான வலது காது வகுப்பைப் பார்த்து இருக்கும் அல்லவா? அதன்பின் அவன் ஒரு சொல்லையும் தவறவிடவில்லை. ஆனால் கூப்பிட்ட பக்கம் திரும்புவது மட்டும் அவனுக்குக் கடைசிவரை வரவே இல்லை. ஒரு காது நன்றாகக் கேட்கும்போது திசை மட்டும் ஏன் தெரியவில்லை? இந்தக் கேள்வி என்னைக் குடைந்துகொண்டே இருந்தது.

விடையை நீங்களே செய்து பார்க்கலாம். கொத்தனார் மட்டம் பார்க்க வைத்திருக்கும் தண்ணீர் டியூப் தெரியுமா? அதில் ஒன்றரை மீட்டர் நீளத் துண்டு போதும். நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு, ஒரு முனையை இடது காதிலும் மறு முனையை வலது காதிலும் மெல்ல ஒட்டினாற்போல் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே திணிக்கக் கூடாது! டியூபின் நடுப்பகுதி முதுகுக்குப் பின்னால் தொங்கட்டும். நண்பரை விட்டு, நடுப் புள்ளியைப் பென்சிலால் லேசாகத் தட்டச் சொல்லுங்கள். சத்தம் தலைக்கு நடுவில் கேட்கும். அடுத்து, வலப்பக்கமாக ஒரே ஒரு சென்டிமீட்டர் தள்ளித் தட்டச் சொல்லுங்கள். சத்தம் வலது பக்கம் நகர்ந்துவிடும்!

கணக்குப் போடுவோம். ஒலி காற்றில் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். ஒரு சென்டிமீட்டர் தள்ளித் தட்டினால், இடது காதுக்குப் போகும் பாதை வலது காதுக்குப் போகும் பாதையை விட 2 சென்டிமீட்டர் அதிகம். அந்த 2 சென்டிமீட்டரைக் கடக்க ஒலிக்கு ஆகும் நேரம், ஒரு விநாடியை 17 ஆயிரம் கூறு போட்டால் அதில் ஒரு கூறு. இவ்வளவு சின்ன நேரத்தை எந்தக் கைக்கடிகாரமும் காட்டாது. உங்கள் மூளை காட்டிவிடுகிறது!

வலப்பக்கம் தட்டிய ஒலி வலது காதுக்கு முதலில் வரும், இடது காதுக்குக் கொஞ்சம் தாமதமாக வரும். இது ஒன்று. நடுவில் தலை மறைப்பதால் இடது காதில் சற்று மெதுவாகவும் கேட்கும். இது இரண்டு. கனமான, தாழ்ந்த ஒலிக்கு நேர வித்தியாசமும், கீச்சென்ற ஒலிக்குச் சத்த வித்தியாசமும் அதிகம் உதவுகின்றன என்று 1907-ல் எழுதி வைத்தவரும் நம் ரேலி பிரபுதான். முன்னா, பின்னா, மேலா என்று சொல்வதற்கு இரண்டும் பெரிதாக உதவாது. அங்கே காது மடலின் மேடு பள்ளங்கள் வேலை செய்கின்றன. ஒவ்வொரு திசையிலிருந்து வரும் ஒலியையும் மடல் கொஞ்சம் வேறு மாதிரி மாற்றி உள்ளே அனுப்புகிறது.

ஆக, திசை என்பது ஒலியில் எழுதி ஒட்டியிருக்கவில்லை. இரண்டு காதுகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தை வைத்து மூளை போட்டுக்கொள்ளும் கணக்கு அது. என் மாணவனுக்குக் கழிக்க இரண்டாவது எண்ணே இல்லை. பாவம், அவன் எப்படி விடை சொல்வான்?

இந்த வித்தியாசத்தைப் பிடித்துப் பெட்டிக்குள் அடைத்தால் சுற்றொலி கிடைத்துவிடும். இதை முதலில் தொட்டவர் பிரான்ஸ் நாட்டின் கிளமெண்ட் ஆடர். 1881-ல் பாரிஸில் நடந்த மின்சாரக் கண்காட்சியில், ஆபரா மேடையின் இடப்பக்க ஒலியை ஒரு தொலைபேசிக் குழாயிலும் வலப்பக்க ஒலியை இன்னொன்றிலும் அனுப்பி, இரண்டையும் இரு காதிலும் வைத்துக் கேட்கச் செய்தார். பாடகர் மேடையில் நடந்தால், கண்காட்சியில் நின்றவருக்கு அவர் நடப்பது தெரிந்ததாம்.

அடுத்தவர் ஆலன் புளூம்லீன். இங்கிலாந்தில் இ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியாளர். 1931-ல் மனைவியோடு சினிமா பார்த்தபோது அவருக்கு ஒரு குறை தென்பட்டது. நடிகர் திரையின் ஒரு ஓரத்தில் நிற்கிறார். குரலோ எங்கோ இருக்கும் ஒரே ஸ்பீக்கரிலிருந்து வருகிறது! குரலை நடிகர் பின்னாலேயே போக வைக்க முடியும் என்று சொன்னவர், அந்த ஆண்டு டிசம்பரிலேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டார். ரயில் ஒரு பக்கமிருந்து மறு பக்கம் போவதை ஒலியோடு படம் பிடித்தும் காட்டினார். இன்று நாம் 'ஸ்டீரியோ' என்று சொல்வதற்கு அடித்தளம் அவர் போட்டது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942-ல், ரேடார் கருவியைச் சோதித்துக்கொண்டிருந்த விமானம் விழுந்து இறந்துபோனார். வயது 38.

வால்ட் டிஸ்னி 1940-ல் 'ஃபேண்டேசியா' படத்துக்குத் தியேட்டரைச் சுற்றி ஸ்பீக்கர் வைத்தார். கருவிகளின் விலை யானை விலை! ஒரு சில நகரங்களில்தான் அப்படிக் காட்ட முடிந்தது. 1993-ல் 'ஜுராசிக் பார்க்' வந்தபோது டி.டி.எஸ். என்ற முறை புகுந்தது. ஃபிலிமில் நேரக் குறியீடு மட்டும் இருக்கும்; ஒலி தனியே குறுந்தகடுகளில் ஓடும். 2012-ல் வந்த 'அட்மாஸ்', மேற்கூரையிலும் ஸ்பீக்கர் வைத்தது.

கடைகளில் '5.1' என்று எழுதியிருப்பார்களே, அது என்ன தசம எண் என்று நீங்கள் யோசித்திருப்பீர்கள். முன்னால் இடம், நடு, வலம் என்று மூன்று, பின்புறம் இரண்டு, ஆக ஐந்து. புள்ளி ஒன்று என்பது இடி, வெடி போன்ற கனத்த ஒலிக்கு மட்டுமான தனிப் பாதை. முழு ஒலியில் ஒரு சின்னப் பங்கைத்தான் அது சுமக்கிறது என்பதால் முழு எண் கொடுக்கவில்லை. அந்தக் கனத்த பெட்டியைச் சோபாவுக்கு அடியில் வைத்தால்கூட யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். காரணம், விநாடிக்கு 40 முறை அதிரும் ஒலியின் அலைநீளம் எட்டரை மீட்டர். நம் தலை அதற்கு எம்மாத்திரம்? இரு காதிலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே கேட்கும்.

மற்ற ஐந்துக்கும் இடம் முக்கியம். பல வீடுகளில் ஸ்பீக்கர் வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். ஒன்று ஷோகேஸ் மேல், ஒன்று சமையலறை வாசலில், ஒன்று பரணில்! இரண்டே ஸ்பீக்கர் இருந்தாலும் போதும்; அவற்றுக்கு இடையே எவ்வளவு தூரமோ, அதே தூரத்தில் நீங்கள் உட்காருங்கள். மூன்று பக்கமும் சமமான முக்கோணம். இப்போது ஒரு பாட்டைப் போட்டுக் கண்ணை மூடினால், பாடகர் இரண்டு பெட்டிக்கும் நடுவே, ஒன்றுமே இல்லாத வெற்றிடத்திலிருந்து பாடுவார். பின் ஸ்பீக்கர்களைக் காதுக்குப் பக்கவாட்டில் சற்றுப் பின்தள்ளி வைக்க வேண்டும். சிவப்பு, கறுப்பு ஒயர்களை ஒரு பெட்டிக்கு மட்டும் மாற்றி மாட்டிவிட்டால் நடுவில் நின்ற பாடகர் கலைந்து போவார்; கனத்த ஒலியும் காணாமல் போகும்.

காரில் நிலைமை கொஞ்சம் சங்கடம். நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்காருகிறார். வலது கதவின் ஸ்பீக்கர் அவருக்கு 70 சென்டிமீட்டரில் இருக்கிறது, இடது கதவினுடையது 130 சென்டிமீட்டரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 60 சென்டிமீட்டர். இடது ஒலி ஆயிரத்தில் 2 பங்கு விநாடிக்குச் சற்றுக் குறைவாகத் தாமதித்து வரும். நம் தலையின் அகலத்தால் வரும் அதிகபட்ச தாமதமே ஆயிரத்தில் ஒரு பங்கைத் தொடாது! அதனால் மொத்தப் பாட்டும் வலது கதவில் ஒட்டிக்கொள்ளும். முதலில் வந்து சேரும் ஒலி எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம்தான் மூளை நம்பும். நல்ல கார் ஸ்டீரியோக்களில் இதற்கு வழி இருக்கிறது. அருகில் உள்ள ஸ்பீக்கரை அந்தச் சிறு நேரம் காத்திருக்கச் சொல்லிவிடுகிறார்கள். இரண்டு ஒலியும் சேர்ந்து வந்து, பாடகர் கண்ணாடிக்கு நேர் எதிரே வந்து நின்றுவிடுவார். ஆனால் அது ஓட்டுநருக்கு மட்டும்தான். இடப்பக்கம் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு இன்னும் மோசமாகிவிடும்!

மினி பஸ்ஸில் எட்டு ஸ்பீக்கர் மாட்டி அலற விடுகிறார்களே, அது சுற்றொலியா என்று கேட்பீர்கள். கிடையாது. எட்டும் ஒரே ஒலியைக் கத்தினால் வித்தியாசம் எங்கே இருக்கிறது? சத்தம்தான் இருக்கிறது. அதைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது: ஒரு வாரத்தில் 40 மணி நேரம் கேட்பதானால் பெரியவர்களுக்கு 80 டெசிபல், குழந்தைகளுக்கு 75 டெசிபல். அதற்கு மேல் போனால் நேரத்தைக் குறைத்தாக வேண்டும். உள்காதில் உள்ள மெல்லிய மயிர் செல்கள் ஒருமுறை அழிந்தால் தலைமுடி போலத் திரும்ப முளைக்காது.

இப்போது பானைக்கு வருவோம். 1994-ஆம் ஆண்டு. எங்கள் ஊர் ரேடியோ கடையில் பழைய அம்பாசடர் காரிலிருந்து கழற்றிய இரண்டு ஸ்பீக்கர்கள் சும்மா கிடந்தன. என்னிடம் வீட்டில் ஸ்டீரியோ டேப் டெக்கும், ஆம்ப்ளிஃபயரும், இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர்களும் இருந்தன. கடைக்காரர், அமெரிக்காவில் 1970 வாக்கில் டேவிட் ஹாஃப்லர் என்ற பொறியாளர் பரப்பிய ஒரு முறையைச் சொன்னார். ஆம்ப்ளிஃபயரில் இடது பெட்டிக்கு ஒரு சிவப்பு முனை, வலது பெட்டிக்கு ஒரு சிவப்பு முனை இருக்கும் அல்லவா? பின்னால் வைக்கும் ஸ்பீக்கரின் இரண்டு ஒயர்களையும் அந்த இரண்டு சிவப்பு முனைகளுக்கு நடுவில் மாட்ட வேண்டும். கறுப்பு முனையைத் தொடவே கூடாது. இவ்வளவுதான் முறை!

என்ன நடக்கும்? கயிறு இழுக்கும் போட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். இரு பக்கமும் சமமாக இழுத்தால் நடுவில் கட்டிய துணி அசையாது. இடதில் 7, வலதில் 7 என்றால் 7 கழித்தல் 7, பூஜ்யம். பாடகர் குரலை இரண்டு பக்கமும் சமமாகப் பதிவு செய்திருப்பார்கள். அதனால் பின் ஸ்பீக்கரில் அது வராது. அரங்கத்தின் எதிரொலியும் கைதட்டலும் இடதில் 7, வலதில் 4 என்று மாறி மாறி இருக்கும். அந்த மீதி 3 மட்டும் பின்னாலிருந்து கேட்கும். அரங்கத்தில் உட்கார்ந்தாலும் அப்படித்தானே? பாட்டு முன்னால், கைதட்டல் சுற்றிலும்!

கார் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 4 ஓம். ஒன்றை மட்டும் மாட்டினால் ஆம்ப்ளிஃபயருக்குச் சுமை கூடிவிடும். அதனால் இரண்டையும் தொடராக இணைத்து 8 ஓம் ஆக்கினோம். எல்லா ஆம்ப்ளிஃபயருக்கும் இது ஒத்துவராது. இப்போதைய கார் ஸ்டீரியோக்களில் கறுப்பு ஒயரிலும் மின்சாரத் துடிப்பு ஓடும். அவற்றில் இப்படி மாட்டக் கூடாது. மெக்கானிக் ஒருவர் மீட்டர் வைத்துப் பார்த்துச் சொன்ன பிறகே, அவரையே மாட்டச் சொல்லுங்கள்.

பெட்டிக்குப் பதில் பானை. சந்தையில் ஸ்பீக்கர் அளவுக்கு வாய் உள்ள பானைகளாகப் பார்த்து வாங்கினோம். அடியில் ஒயருக்கு ஒரு துளை. உள்ளே இலவம் பஞ்சு. இல்லாவிட்டால் பானை தன் பாட்டுக்கு 'ம்ம்ம்' என்று கூடச் சேர்ந்து பாடும். விளிம்பு நெடுக எம்-சீல். பானையின் வாய் சுவரைப் பார்த்து இருக்கும்படி வைத்தோம். ஒலி நேரே வராமல் சுவரில் மோதிப் பரவி வந்தால்தான் எங்கிருந்து வருகிறது என்று தெரியாது.

வேலை செய்ய வந்தவர் யார் தெரியுமா? அந்த ஐந்தாம் வகுப்புப் பையன்தான்! இருபது வயது. ரேடியோ கடையில் உதவியாளாக இருந்தான். ஒயரின் செப்பு இழைகளை முறுக்கி, சால்டரிங் வைத்து, ஒரு இழைகூட வெளியே நீட்டாமல் அவ்வளவு சுத்தமாக முடித்தான். மேடைக் கச்சேரியில் பதிவு செய்த ஒரு கேசட்டைப் போட்டோம். என் முன்னால் பாட்டு. சட்டென்று பின்சுவர் காணாமல் போனது போல இருந்தது. ஒரு பாட்டு முடிந்ததும் என் முதுகுக்குப் பின்னால் நூறு பேர் கை தட்டினார்கள். நான் திரும்பியே பார்த்துவிட்டேன்.

அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். "சார், எப்படி சார் இருக்கு?" என்றான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவ்வளவும் செய்தவனுக்கு இது கேட்காது. அவனுக்கு எல்லாம் ஒரே இடத்திலிருந்து வரும் ஒரே சத்தம்தான். என்ன சொல்வதென்று தெரியவில்லை. "மண்டபத்துக்குள்ள உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்குடா தம்பி" என்றேன். அவன் தலையாட்டினான். கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு பின்பக்கம் போய் மண்டியிட்டு, வலது காதைப் பானைக்கும் சுவருக்கும் நடுவே நீட்டினான்.

அடுத்த பாட்டு தொடங்கியிருந்தது. முன் பெட்டியில் பாகவதர் உச்சத்தில் பாடிக்கொண்டிருந்தார்.

"சார்! பாடுறவரைக் காணோம் சார்! இங்க கூட்டம் மட்டும்தான் இருக்கு! யாரோ இருமுறாங்க சார்!"

எழுந்து ஓடி வந்து முன் பெட்டியில் காதை வைத்தான். மறுபடி பானைக்கு ஓடினான். எங்கே வித்தியாசம் இருக்கிறது என்று தன் கால்களாலேயே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். கேசட்டின் அந்தப் பக்கம் முடிகிறவரை ஓட்டம் நிற்கவில்லை. முடிந்ததும், "சார், மறுபக்கத்தைத் திருப்பிப் போடட்டுமா?" என்று கேட்டான்.